ஒப்பீட்டுக் குழாய்

பொறாமை என்று யாராவது சொன்னால் ஸ்பானருக்குக் கோபம் வந்துவிடும். "எனக்கென்னப்பா பொறாமை? சகலை நல்லா இருந்தா எனக்குச் சந்தோஷம்தானே" என்பார். சொல்லும்போதே வலது கை தானாகப் போய் வயிற்றைத் தடவும். சகலைக்கு நிறுவனம் தொப்பி கொடுத்த அன்று தொடங்கிய பழக்கம் அது.

ஸ்பானர் என்பது ஊர் வைத்த பெயர். பதினாறு வருடமாக அடிபம்பு ரிப்பேர் பார்க்கிறவரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? குடிநீர்த் திட்டம் நடத்துகிற வெளிநாட்டு உதவி நிறுவனத்தின் பதிவேட்டில் அவர் 'களப் பராமரிப்பு உதவியாளர், நிலை இரண்டு'. நிலை ஒன்றில் யாரும் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு, மேலே போக ஒரு படி இருந்தால்தான் மனிதன் உழைப்பான் என்று பதில் வந்தது.

சகலை, அதாவது மனைவியின் தங்கை புருஷன், நிறுவனத்தில் சேர்வதற்கு முன்பு ஒரு செருப்புக் கடையில் நின்றுகொண்டிருந்தவன். "கடிக்குதாங்க? லூசா இருக்கா? நடந்து பாருங்க" என்று நாள் முழுக்க ஆட்களைக் கேட்டுக் கேட்டுப் பழகிய வாய். அந்த வாய்க்குத்தான் வேலை கிடைத்தது. பதவியின் பெயர் துரிதக் கருத்துச் சேகரிப்பாளர். சேர்ந்த அன்றே ஒரு தொப்பி, கழுத்தில் தொங்க ஓர் அட்டை, ஒரு டேப்லெட், வெயிலில் எங்கே வேண்டுமானாலும் விரித்து உட்கார ஒரு மடக்கு நாற்காலி. பதினாறு வருடத்தில் ஸ்பானர் நிறுவனத்திடம் வாங்கியது ஒரு ஜோடி கையுறை. அதிலும் இரண்டும் இடது கை.

இதையெல்லாம் கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். மனிதன் எவ்வளவோ பொறுத்துக்கொள்கிறான். ஆனால் பதினேழாம் எண் குழாய் விஷயத்தை மட்டும் அவரால் விழுங்கவே முடியவில்லை.

ஊரில் மொத்தம் நாற்பது அடிபம்பு. நாற்பதிலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்து, அடித்தால் காற்றுதான் வந்தது. நாற்பது வாஷர் கொடுத்தால் மூன்று வாரத்தில் முடித்துவிடுவேன் என்று ஸ்பானர் எழுதிக் கொடுத்தார். நிறுவனம் அந்தக் காகிதத்தை மிகுந்த அக்கறையோடு படித்துவிட்டு, சக்கரம் வைத்த பெட்டியோடு ஒரு மதிப்பீட்டு நிபுணரை விமானத்தில் வரவழைத்தது. நிபுணர் இந்த மொழியைப் புத்தகம் வைத்துப் படித்தவர். அதனால் அச்சடித்த மாதிரியே பேசுவார்.

"நாற்பதையும் சீரமைத்தால், சீரமைத்ததனால்தான் நீர் வந்தது என்று நாம் எவ்வாறு அறிவோம்?" என்று கேட்டார் நிபுணர்.

"தண்ணி வரும் ஸார். அதை வெச்சுத்தான்" என்றார் ஸ்பானர்.

நிபுணர் அவரைக் கனிவோடு பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி, நாற்பது சீட்டுகளை அதில் போட்டுக் குலுக்கினார். திட்ட இயக்குநர் அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருபது சீட்டு எடுத்தார். எடுத்த இருபதும் உதவிக் குழாய்கள். அவற்றுக்கு வாஷர் மாற்றப்படும். தொப்பியில் தங்கிய இருபதும் ஒப்பீட்டுக் குழாய்கள். மதிப்பீடு முடியும்வரை, அதாவது பதினெட்டு மாதம், அவற்றை யாரும் தொடக்கூடாது. தொட்டவர் அன்றே வீட்டுக்குப் போகலாம்.

பதினெட்டாம் எண் உதவிக் குழாய். அது சகலை வீட்டு வாசலில் இருந்தது. பதினேழு ஒப்பீட்டுக் குழாய். அது ஸ்பானர் வீட்டு வாசலில் இருந்தது.

"இது முற்றிலும் தற்செயல். தற்செயலுக்குக் கண் கிடையாது" என்றார் நிபுணர்.

"எனக்கு இருக்கே ஸார்" என்றார் ஸ்பானர். அதைக் குறித்துக்கொள்ளும் இடத்தில் யாரும் இல்லை.

இருபது உதவிக் குழாய்களையும் அவர் பத்தே நாளில் சரி செய்தார். பதினெட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். செய்து முடித்து முதல் தண்ணீர் விழுந்தபோது, கொழுந்தியாள் வாயெல்லாம் பல்லாக ஓடிவந்து குடத்தை வைத்தாள். "எங்க வீட்டுக்காரர் வேலைக்குப் போன நேரம், பாருங்க மாமா, தண்ணியே வந்துடுச்சு" என்றாள். ஸ்பானர் கையில் கிரீஸோடு நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு பாக்கெட் வாஷர் மிஞ்சியது. பாக்கெட்டுக்கு இரண்டு. ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கப் போனார். வாங்கிக்கொண்டு போவதற்குப் படிவம் இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதற்கு இல்லை என்றார்கள். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒப்பீட்டுக் குழாய்களுக்கான வாஷர்கள் அலமாரியில் சிவப்பு நாடா கட்டி, முத்திரை வைத்து, பதினெட்டு மாதம் தவம் இருக்க உட்கார்ந்திருந்தன.

அதற்குப் பிறகுதான் கருத்து கேட்கும் படலம் தொடங்கியது. ஒவ்வொரு குழாயின் பக்கத்திலும் ஒரு கம்பம் நட்டு, அதில் ஒரு முகப்பலகை மாட்டினார்கள். பலகையில் மூன்று பொத்தான். ஒன்றில் சிரிக்கிற முகம், ஒன்றில் சும்மா இருக்கிற முகம், ஒன்றில் அழுகிற முகம். எதை அழுத்தினாலும் 'டிங்' என்று ஒரு சத்தம் வரும், கருத்து அந்த நொடியே தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேரும். பலகைகள் எல்லாம் சகலை பெயரில் பதிவானவை. ஊரில் யார் எந்த மூஞ்சியை அழுத்தினாலும் கணக்கு ஏறுவது அவனுக்குத்தான்.

பலகை போதாதென்று செவ்வாய்க்கிழமைதோறும் நேரிலும் வருவான். ஸ்பானர் வீட்டு வாசலில் மடக்கு நாற்காலியை விரித்து, தொப்பியைச் சரி செய்துகொண்டு, டேப்லெட்டை மடியில் வைப்பான். ஸ்பானரின் மனைவி அப்போதுதான் பள்ளிக்கூடத்து மோட்டார் குழாயிலிருந்து குடத்தோடு வந்திருப்பாள். போக இருபது நிமிடம், வர முப்பது நிமிடம்.

"அக்கா, போன செவ்வாய்க்கிழமையோட பார்த்தா, தண்ணி வராதது இப்ப கூடியிருக்கா, குறைஞ்சிருக்கா, அப்படியே இருக்கா?"

"வரலங்கிறது எப்படிப்பா கூடும் குறையும்?"

"ஏதாவது ஒண்ணு சொல்லுங்க அக்கா. காலியா விட்டா அடுத்த கேள்விக்குப் போகாது."

"அப்படியே இருக்கு."

"ரொம்ப நன்றி. தண்ணி வராத விதத்துல உங்களுக்குப் பிடிச்ச அம்சம் எது?"

அவள் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கி வைத்தாள். "சத்தம் போடாம வராம இருக்கு. அது பிடிச்சிருக்கு."

சகலை அதை அப்படியே அடித்துக்கொண்டான். அடுத்த மாதம் அலுவலகச் சுவரில் ஒரு பெரிய படம் ஏறியது. அதில் ஸ்பானர் மனைவியின் பாதி முகம், கீழே 'ஓசையற்ற சேவை: ஒரு பயனாளியின் பாராட்டு' என்று எழுத்து. ஸ்பானர் தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் கையெழுத்துப் போடப் போக வேண்டும்.

"தொண்டை காயுது அக்கா, ஒரு டம்ளர் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் சகலை கிளம்புவான். அவளும் கொண்டுவந்த குடத்திலிருந்து மொண்டு கொடுப்பாள். அவன் அண்ணாந்து குடிப்பதை ஸ்பானர் வாசல் நிலையில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார். சட்டைப் பையில் இரண்டு வாஷர் இருக்கும். கை வயிற்றில் இருக்கும்.

மூன்றாம் மாதம் அலுவலகத்தில் ஓர் அவசரக் கூட்டம் போட்டார்கள். தலைப்பு 'கருத்து வறட்சி'. இயக்குநர் அம்மா திரையில் ஒரு படம் காட்டினார். இருபது உதவிக் குழாய்களிலிருந்தும் போன மாதம் வந்த கருத்து மொத்தம் பதினொன்று.

"பதினொண்ணுல ஒன்பது ஒரு ஆடு முட்டினது" என்றார் அம்மா, குரலில் நிஜமான வருத்தத்தோடு. "இவ்வளவு செஞ்சிருக்கோம். ஏன் இந்த மக்கள் நம்மகிட்ட பேச மாட்டேங்கிறாங்க?"

"தண்ணி வருதும்மா. பிடிச்சுக்கிட்டுப் போயிடறாங்க" என்றார் ஸ்பானர்.

"அதுதான் பிரச்சினை. நீங்க செஞ்ச வேலையில மக்கள் ஈடுபாடே இல்ல. ஒப்பீட்டுத் தெருக்களைப் பாருங்க. ஒரே மாசத்துல நாலாயிரம் கருத்து. அத்தனையும் அழுகை முகம். எவ்வளவு துடிப்பா இருக்காங்க. நான் என் வாழ்நாள்ல இவ்வளவு உயிரோட்டமான தெருக்களைப் பார்த்ததில்ல."

எல்லாரும் கைதட்டினார்கள். சகலை எழுந்து நின்று தலை குனிந்து ஏற்றுக்கொண்டான். கூட்டக் குறிப்பில் சகலை பெயருக்கு எதிரே 'நான்காயிரம்' என்றும், ஸ்பானர் பெயருக்கு எதிரே 'தாக்கம் தென்படவில்லை' என்றும் எழுதினார்கள். வெளியே வரும்போது கதவருகே கூட்டத்தைப் பற்றிய கருத்துக்கு ஒரு முகப்பலகை மாட்டியிருந்தது. அதைப் பற்றிய கருத்துக்கு அதன் கீழே இன்னொன்று.

வறட்சியைப் போக்கத் துரித நடவடிக்கை எடுத்தார்கள். ஐந்தாம் எண் குழாயில் யாரோ ஒருத்தி, கைப்பிடி வெயிலில் சுடுகிறது என்று சொல்லியிருந்தாள். மறுநாளே இருபது கைப்பிடிக்கும் நீலப் பெயின்ட் அடிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நீலம் பிடிக்கவில்லை என்று மூன்று அழுகை முகம் வந்ததும் பச்சை. பச்சையில் அழுக்குத் தெரிகிறது என்றதும் மறுபடி நீலம். வாஷர் போட்டுக்கொண்டிருந்த ஸ்பானர் வாரா வாரம் பிரஷ்ஷும் டப்பாவுமாக அலைந்தார். பெயின்ட் மாற்ற ஒரு நாள் போதும், வாஷர் மாற்ற ஒன்றரை வருடம் பொறுக்க வேண்டும் என்பது அவருக்குப் புரியவே இல்லை. புரியவில்லை என்று சொன்னதற்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சி கொடுத்தவன் சகலை.

இதற்கு நடுவில் நிபுணரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஒப்பீட்டுத் தெருக்காரர்கள் சிலர் உதவிக் குழாயில் தண்ணீர் பிடிப்பதாகத் தெரிகிறது, இதனால் முடிவுகள் கலங்கிவிடும் என்று அதில் இருந்தது. உடனே பதினெட்டாம் எண் குழாயில் ஒரு பலகை தொங்கியது: 'ஒப்பீட்டுத் தெருவினர் இங்கு நீர் எடுத்து அறிவியலுக்கு இடையூறு செய்ய வேண்டாம்.'

ஸ்பானர் மனைவிக்கு அந்தப் பலகையால் நட்டம் ஒன்றும் இல்லை. அவள் ஒரு நாளும் தங்கை வாசலில் போய்க் குடம் வைத்ததில்லை. ரோஷக்காரி. ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை கொழுந்தியாளே வீடு தேடி வந்தாள். ஈரத் தலையைத் துண்டால் சுற்றியிருந்தாள். ஒரு குடம் தண்ணீரில் தலைக்குக் குளித்தவள் இல்லை என்பது பார்த்த உடனே தெரிந்தது.

"அக்கா, உன்னைப் பார்க்கவே பாவமா இருக்கு. நான் அவர்கிட்ட பேசிட்டேன். உனக்கு மட்டும் தினம் ஒரு குடத்துக்கு விசேஷ அனுமதி எழுதி வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கார். யார்கிட்டயும் சொல்லிக்காத."

அக்கா வாசல் தூணில் தொங்கிய சும்மாட்டுத் துணியை எடுத்து உதறித் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் நடந்தாள். தங்கை போன பிறகு ஸ்பானர் சாப்பிடவில்லை. பதினாறு வருடமாக ஊர்த் தண்ணீரெல்லாம் தன் கை வழியாக வந்திருக்க, தன் பெண்டாட்டிக்கு ஒரு குடத்துக்குச் செருப்புக்கடைக்காரன் கையெழுத்து வேண்டியிருக்கிறதே என்று வயிறு எரிந்தது. நிஜமாகவே எரிந்தது. மோர் குடித்தும் அடங்கவில்லை.

அன்று மதியம் அலுவலகத்தில் 'கற்றல் பகிர்வு அரங்கம்'. இரண்டு மணிநேரம் எல்லாரும் உள்ளே இருப்பார்கள். சகலைக்கு முதல் வரிசை. தாக்கம் தென்படாதவர்களுக்கு அழைப்பு இல்லை. ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்தார். பட்டப்பகலில், தெருவே பார்க்க, பதினேழாம் எண் குழாயின் மேல்மூடியைக் கழற்றினார். கைப்பிடியைத் தூக்கி, ராடை உருவி வெளியே எடுத்தார். அடியில் இருந்த வாஷர் பழைய தோசைக்கரண்டி மாதிரி ஒரு பக்கம் வளைந்து கிழிந்திருந்தது. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பையிலிருந்த புதியதை மாட்டினார். எல்லாம் அரை மணிநேர வேலை.

மூடி போட்டு அடித்தார். காற்றுதான் வந்தது. இழுப்பு பிடிக்க மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்ற வேண்டும். திரும்பிப் பார்த்தார். மனைவி அப்போதுதான் குடத்தோடு வந்து நின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் பாதிக் குடத்தைக் குழாய்க்குள் ஊற்றினாள்.

ஏழாவது அடிக்குத் தண்ணீர் வந்தது.

"வேலை போயிடுமே" என்றாள்.

"போகட்டும்."

"அப்ப எதுக்குச் செஞ்சீங்க?"

"உன் தங்கச்சி தலை ஈரமா இருந்துச்சு" என்றார் ஸ்பானர்.

ஏழு மாதம் காற்றடித்த தெரு அன்று தலைகால் புரியாமல் ஆடியது. தண்ணீர் பிடித்தவர்கள் எல்லாரும் சிரிக்கிற முகத்தைப் போய் அழுத்தினார்கள். பிடிக்காதவர்களும் அழுத்தினார்கள். சாயங்காலத்துக்குள் அறுநூறு 'டிங்'. பொத்தானில் இருந்த பல் அழிந்துபோனது.

ஸ்பானர் மூன்று நாள் வேலை நீக்கக் கடிதத்துக்காகக் காத்திருந்தார். நான்காம் நாள் சக்கரப் பெட்டியோடு நிபுணர்தான் வந்தார். நேராக ஸ்டோருக்குப் போனார். சிவப்பு நாடா கட்டு அப்படியே இருந்தது. முத்திரை உடையவில்லை. ஒப்பீட்டு வாஷர் ஒன்றுகூடக் குறையவில்லை. எனவே பதினேழாம் எண் குழாயை யாரும் தொடவில்லை என்பது ஆவணப்படி உறுதியானது. வெளியே வந்தபோது நிபுணரின் கண் கலங்கியிருந்தது.

மறுநாள் பெரிய அரங்கில் கூட்டம். இந்த முறை ஸ்பானருக்கும் அழைப்பு வந்தது. நாற்காலி போட ஆள் போதவில்லை.

"பதினேழாம் எண் குழாய்க்கு நாம் என்ன கொடுத்தோம்?" என்று நிபுணர் தொடங்கினார். "உதிரிபாகம் கொடுத்தோமா? இல்லை. பழுதுபார்த்தோமா? இல்லை. கேள்வி மட்டுமே கொடுத்தோம். வாரந்தோறும், அயராமல், அன்போடு ஒரு மனிதர் அந்த வாசலில் அமர்ந்து கேள்வி கேட்டார். குழாய் சீரானது. அன்பர்களே, இத்தனை காலம் நாம் குழாயைச் சீரமைத்துவிட்டுக் கருத்துக் கேட்டோம். கருத்துக் கேட்பதே சீரமைப்பு என்பதை அறியாமல் இருந்தோம்."

இயக்குநர் அம்மா எழுந்து அறிவிப்புகளைப் படித்தார். இனி ரிப்பேர் வேலை கிடையாது. அந்த நேரமும் ஆளும் கேள்விக்குத் திருப்பப்படும். சிவப்பு நாடா கட்டு தலைமை அலுவலகத்துக்குத் திரும்பிப் போகும். இந்தக் கண்டுபிடிப்பை உலக மாநாட்டில் எடுத்துச் சொல்ல, அதைக் களத்தில் நிகழ்த்தியவரை அனுப்புகிறோம்.

சகலை மேடை ஏறினான். புதுத் தொப்பி. கொழுந்தியாள் முன்வரிசையில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் வேலைக்குப் போன நேரம் தண்ணீர் வந்தது என்று சொன்னவள், இப்போது அவன் கேட்ட கேள்விக்கே தண்ணீர் வந்துவிட்டதே என்று பூரித்துப் போயிருந்தாள்.

வேலை போய்விடும் என்ற பயம் ஸ்பானருக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்தத் தொப்பியைப் பார்த்ததும் அது இருந்த இடம் தெரியவில்லை. தூக்கிய நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு, "நான்தான் செஞ்சேன்" என்றார்.

அரங்கம் திரும்பிப் பார்த்தது.

"பதினேழாம் நம்பரை நான்தான் ஸார் ரிப்பேர் பண்ணினேன். போன வெள்ளிக்கிழமை மத்தியானம். வாஷர் மாத்தினேன். இவன் ஒண்ணும் பண்ணல. எங்க வீட்டுத் தண்ணியைக் குடிச்சிட்டுப் போனான், அவ்வளவுதான். வேணும்னா என்னை வேலையை விட்டு அனுப்புங்க. இந்தாங்க, பழைய வாஷர்."

கிழிந்த வாஷரை எடுத்து நீட்டினார். நிபுணர் மேடையிலிருந்து இறங்கி வந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அற்புதம். இதைத்தான் நான் முப்பது நாடுகளில் தேடினேன். திட்டம் வெற்றி பெறும்போது, பயனாளி அதைத் தானே செய்ததாக நம்பத் தொடங்குவார். உரிமையுணர்வின் உச்சநிலை அது."

"நான் பயனாளி இல்ல ஸார். மெக்கானிக்."

"அந்தத் தெருவில் நீர் அருந்துகிறீர்களா?"

"அருந்தறேன்."

"பயனாளிதான்" என்றார் நிபுணர். இயக்குநர் அம்மா குறித்துக்கொண்டார்.

"ஸார், எங்க தெருவே பார்த்துச்சு. எல்லாரையும் கேளுங்க."

"கேட்போம். கேள்வித்தாளில் அந்தக் கேள்வி இல்லை. அடுத்த திட்டத்தில் சேர்க்கப் பரிசீலிப்போம்."

அம்மா அந்த வாஷரை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "களத்து மணம்" என்றார். பத்து நிமிடத்தில் அது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருந்தது. பஞ்சு வைத்து, மேலே ரிப்பன் கட்டி, நினைவுப்பரிசாக மேடையில் வைத்துச் சகலை கையில் கொடுத்தார்கள். படம் எடுக்கும்போது சகலை, "அண்ணே, நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டான். நல்ல மனதோடுதான் கூப்பிட்டான். அதுதான் ஸ்பானருக்கு இன்னும் தாங்கவில்லை.

வேலை போகவில்லை. களப் பராமரிப்பு என்ற பதவிதான் போனது. ஸ்பானர் இனி கேள்வி உதவியாளர், நிலை இரண்டு. சகலையின் பழைய தொப்பியும் பழைய டேப்லெட்டும் மடக்கு நாற்காலியும் அவருக்கு வந்தன. எதற்காக அத்தனை நாள் வயிறு எரிந்தாரோ அத்தனையும் கைக்கு வந்தது. தொப்பி மட்டும் தலையில் இறங்கவில்லை. சகலைக்குச் சின்னத் தலை.

ரிப்பேர் நின்ற ஊரில் ஒவ்வொரு குழாயாகக் காற்றடிக்க ஆரம்பித்தது. சகலை மாநாட்டுக்கு விமானம் ஏறிய அதே வாரம் பதினெட்டாம் எண்ணும் நின்றுபோனது. மறுநாள் காலை ஸ்பானர் வாசலில் நின்ற வரிசையில் கடைசி ஆளாகக் கொழுந்தியாள் குடத்தோடு நின்றாள். காய்ந்த தலை. யார் முகத்தையும் பார்க்கவில்லை. அதைப் பார்த்ததும் ஸ்பானருக்கு இனித்தது. பொய் சொல்வானேன், காலைச் சாப்பாடு அன்று இரண்டு வாய் கூடவே இறங்கியது.

மனைவி வரிசையில் இறங்கிப் போய்த் தங்கை கையிலிருந்த குடத்தை வாங்கி, முதலில் வைத்து நிரப்பிக் கொடுத்தாள். திரும்பி வந்து புருஷனிடம், "அவ குழாய்க்கும் இதே வாஷர்தானா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"உங்க பையில இன்னொண்ணு இருக்கு."

"அதெல்லாம் இப்ப நம்ம வேலை இல்ல. கேள்வி மட்டும்தான் கேட்கணும்."

"அப்ப போய்க் கேளுங்க. நானும் வர்றேன்" என்றாள்.

அவள் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அன்றைய பட்டியலில் பதினெட்டாம் எண்ணும் இருந்தது. பொருந்தாத தொப்பியோடு ஸ்பானர் போய் நாற்காலியை விரித்தார். கொழுந்தியாள் எதிரே வந்து நின்றாள்.

"தண்ணி வராததுல உனக்கு எவ்வளவு திருப்தி?" என்று கேட்டார்.

அவள் கீழே பார்த்தபடி, "மன்னிச்சிருங்க மாமா" என்றாள். டேப்லெட்டில் அதற்குக் கட்டம் இல்லை. ஸ்பானர் அதை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். மூடியைக் கழற்றி, ராடை உருவி, வாஷரை மாற்றினார். ஊற்றுவதற்கு மனைவி குடத்தைச் சாய்த்தாள். ஐந்தாவது அடியில் தண்ணீர் வந்தது.

கொழுந்தியாள் பழக்க தோஷத்தில் போய்ச் சிரிக்கிற முகத்தை அழுத்தினாள். 'டிங்'. ஸ்பானர் டேப்லெட்டை எடுத்தார். அன்றைய பக்கத்தை முடிக்காமல் அது மூடாது. பக்கத்தில் இரண்டே கட்டம். கேட்ட கேள்விகள் எத்தனை? ஒன்று. குழாயின் நிலை? நல்ல நிலை. வேறு எதையும் எழுத அதில் இடமில்லை. அனுப்பினார்.

கால்மணி நேரத்தில் கொழுந்தியாளின் போன் ஒலித்தது. படித்துவிட்டுத் தயங்கினாள்.

"சும்மா சொல்லு" என்றார் ஸ்பானர்.

"இப்பதான் மேடையில இருந்து இறங்கினாராம். ஒரே கேள்வியில ஒரு குழாய் சரியாயிடுச்சுன்னு பெரிய திரையில வந்துச்சாம். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்களாம்." இன்னும் ஒரு வரி இருந்தது. அதைக் குரலைத் தாழ்த்திப் படித்தாள். "அண்ணன்கிட்ட சொல்லு, நல்லா கேட்கிறார்னு."

ஸ்பானர் தொப்பியைக் கழற்றினார். முகப்பலகை முன்னால் போய் நின்று மூன்று முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சந்தோஷம் இல்லாமல் இல்லை. வயிறும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"ஏதாவது ஒண்ணை அழுத்திட்டு வாங்க. வீட்டுக்குப் போகலாம்" என்றாள் மனைவி.

எது தன் முகம் என்று தெரியாமல் அவர் மூன்றையும் வரிசையாக அழுத்தினார். பலகை மூன்று முறை 'டிங்' என்றது. எங்கோ தொலைவில் சகலையின் கணக்கில் மூன்று கருத்து கூடியது.